மூன்றாவது பொட்டு

போன மாதம் ஒரு வியாழக்கிழமை நான் ஒரு பொய் சொன்னேன். பொய் என்று தெரிந்து சொல்லவில்லை. அதனால்தான் அவ்வளவு தைரியமாகச் சொன்னேன்.

ஹிந்தியில் மூன்றே வார்த்தை. "சப் ஹரா ஹை." எல்லாம் பச்சை.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குப் புனே பக்கத்தில் ஆகுர்டியில் இருக்கும் எங்கள் ஆபீஸ் பழக்கமானதுதான். இன்றைக்குத்தான் முதலில் வருகிறீர்கள் என்றால், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் ஒன்பது பேர். பக்கத்திலுள்ள வண்டித் தொழிற்சாலைகளுக்காக ஃபிக்ஸ்சர் வரைந்து கொடுக்கிறோம். ஒரு பாகத்தில் துளை போடும்போது அது ஆடாமல் அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் இரும்புச் சட்டம்... அதுதான் ஃபிக்ஸ்சர். எனக்கு வரையத் தெரியாது. நான் அட்மின். சாவி, ஸ்டேஷனரி, லீவு, பூஜை, பிறந்தநாள் கேக் எல்லாம் என் டிபார்ட்மென்ட்.

வரைந்த டிராயிங் அத்தனையும் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் இருக்கிறது. எல்லாக் கம்ப்யூட்டரும் நெட்வொர்க் வழியாக அதில் போய்த்தான் ஃபைலைத் திறக்கும், சேமிக்கும். அதற்குக் கம்பெனி வைத்த பெயர் நீளமானது. நாங்கள் வைத்த பெயர் டப்பா. டப்பாவுக்குள் நாலு டிஸ்க். முகப்பில் நாலு சின்ன விளக்கு. டிஸ்க் நன்றாக இருந்தால் பச்சை. போய்விட்டால் ஆரஞ்சு. நாலில் ஒன்று போனாலும் மற்ற மூன்றும் சேர்ந்து வேலையை இழுத்துக்கொண்டு போய்விடும். நல்ல குடும்பம்தான்.

அந்த டப்பாவின் சாஃப்ட்வேரை அப்கிரேடு செய்ய வேண்டும் என்று கெஞ்சியது நித்யா.

நித்யாவுக்கு இருபத்து நாலு வயது. அப்பா ஏர்ஃபோர்ஸில் இருந்து ரிட்டயர் ஆனவர், வீடு லோஹேகாவ். பிறந்தது முதல் புனேதான். எல்லார் முன்னாலும் என்னை 'மேம்' என்பாள். தமிழில் பேச வேண்டும் என்றால் மட்டும் 'ஆன்ட்டி.' அவள் ஆன்ட்டி என்று கூப்பிட்டால் ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம்.

"ஆன்ட்டி, சேவ் பண்ணா ஹர் பார் ஹேங்க் ஆகுது. பத்து நிமிஷம் அப்படியே நிக்குது. ஃப்ரைடேக்கு முன்னாடி அந்த அப்கிரேட் பண்ண வைங்க நா... ப்ளீஸ்." அவள் தமிழில் இடையிடையே ஹிந்தி வரும்; 'ஹர் பார்' என்றால் ஒவ்வொரு தடவையும்.

வெள்ளிக்கிழமை அவளுக்குப் பெரிய நாள். எட்டு வாரமாக, முதல் முறையாகத் தனியாக, ஒரு ஃபிக்ஸ்சர் வரைந்திருந்தாள். காலை பத்து மணிக்குக் கஸ்டமர் கம்பெனி இன்ஜினீயர்கள் வந்து பார்ப்பார்கள். அவர்கள் சரி என்றால் நித்யாவின் வேலை நிரந்தரம். இல்லையென்றால் இன்னும் ஆறு மாதம் புரொபேஷன். எங்கள் சாஹேப் இதை எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் எல்லார் எதிரிலும்தான் சொல்வார்.

எங்கள் பக்கத்தில் வாராந்திர லீவு ஞாயிறு அல்ல, வியாழன். அதனால் வியாழன் காலையில் அப்கிரேடு என்று முடிவானது. லீவு நாளில் வந்தவர்கள் நாலே பேர். நான், நித்யா, கதவு திறக்க எங்கள் பியூன் ஷிந்தே காகா, டப்பாவைப் பார்க்க வெளியிலிருந்து வரும் சர்வீஸ் இன்ஜினீயர் இம்ரான் பாய்.

இம்ரான் பாய் வந்ததும் பையிலிருந்து மூன்று பக்கம் பிரின்ட் அவுட் எடுத்தார். தலைப்பு: தெரிந்த குறைகளும் மாற்று வழிகளும். புதிய வெர்ஷனைப் பற்றி அதைச் செய்த கம்பெனியே எழுதியது. மொத்தம் பதினாறு.

நான் அசந்துபோனேன். வீட்டில் ஃபிரிட்ஜ் வாங்கினோம், ஏசி வாங்கினோம்... யாராவது 'எங்கள் சாமானில் இன்ன இன்ன கோளாறு உண்டு, வந்தால் இப்படிச் சமாளித்துக்கொள்ளுங்கள்' என்று எழுதிக் கொடுத்தார்களா? இந்தக் கம்பெனி கொடுத்திருக்கிறது. நம்பர் போட்டு!

இம்ரான் பாய் ஒவ்வொன்றாக வாசித்தார். (நாங்கள் பேசிக்கொண்டது ஹிந்தி. உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.) பழைய ஸ்கேனர் டப்பாவுக்கு ஃபைல் அனுப்ப மறுக்கலாம், அப்போது பென் டிரைவில் எடுத்துப் போடவும். ரொம்பப் பழைய கம்ப்யூட்டர் உள்ளே நுழைய முடியாமல் போகலாம். முதல் நாள் தேடினால் எதுவும் கிடைக்காது, பொறுக்கவும். வாசித்து, டிக் அடித்து, அடுத்தது. வாசித்து, டிக் அடித்து... மனிதருக்கு அவசரம் என்பதே கிடையாது.

எனக்கோ அன்று மாலை பாணேரில் நாத்தனார் வீட்டுச் சீமந்தம். பூ வாங்க வேண்டும், பழம் வாங்க வேண்டும்.

"பேக்கப் இருக்கா மேடம்?"

"இருக்கே!" பீரோவைக் காட்டினேன். பேக்கப் எடுக்கும் தனி டிஸ்க் அதற்குள் பூட்டி, பத்திரமாக இருந்தது.

ஏழாம் நம்பர் வந்தது. இதைக் கவனமாகக் கேளுங்கள். 'பழைய வெர்ஷனில் ஒரு டிஸ்க் போய்விட்டாலும், நாலும் நன்றாக இருப்பதாகத் திரையில் காட்டக்கூடும். மாற்று வழி: திரையை நம்ப வேண்டாம். பெட்டியின் முகப்பு விளக்குகளை நேரில் பார்க்கவும்.'

இம்ரான் பாய் எழுந்து டப்பா இருக்கும் மூலைக்குப் போனார். குனிந்தார். கொஞ்ச நேரம் குனிந்தபடியே நின்றார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

"மேடம்... லைட் எல்லாம் சரிதானே?"

"சப் ஹரா ஹை" என்றேன். கையில் பூக்காரருக்கு அனுப்ப வேண்டிய மெசேஜ் பாதி டைப் செய்தபடி இருந்தது. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அவர் டிக் அடித்தார்.

பதினோரு மணிக்கு ஆரம்பித்தது. பதினொன்றரைக்கு டப்பா தானாக ஒருமுறை அணைந்து, எழுந்தது. நித்யா கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தாள். டப்பாவின் பெயர் வந்தது. உள்ளே ஒரு ஃபோல்டர்கூட இல்லை. வெள்ளைத் திரை.

"காலி காட்டுது" என்றாள். பிறகு இன்னும் மெதுவாக, "ஆன்ட்டி, காலியா இருக்கு."

இம்ரான் பாய் தன் லேப்டாப்பைப் பார்த்தார். புதிய வெர்ஷன் பொய் சொல்லாத வெர்ஷன். நேரடியாகச் சொல்லிவிட்டது: மூன்றாவது டிஸ்க் வேலை செய்யவில்லை.

மறுபடியும் டப்பாவின் முன்னால் போய்க் குனிந்தார். இந்த முறை நாங்களும் போனோம். அவருடைய விரல் முகப்பு வரை நீண்டது... பாதியில் நின்று திரும்பிவிட்டது.

"மேடம், நீங்களே எடுங்களேன்."

அப்போதுதான் நான் டப்பாவின் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். நாலு விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக நாலு பொட்டு. சந்தனம், அதன் நடுவே குங்குமம். தடிமனாக, அழகாக, சம இடைவெளியில். நான் வைத்தது!

ஆயுத பூஜை அன்று வைத்தது. எங்கள் ஆபீஸில் அன்றைக்கு இவர்கள் கண்டே நவமி கும்பிடுவார்கள். செண்டுமல்லி மாலை அவர்கள் பொறுப்பு, சந்தனம் குங்குமம் என் பொறுப்பு. கம்ப்யூட்டருக்கு ஒன்று, பிரின்டருக்கு ஒன்று, ஸ்டேப்ளருக்குக்கூட ஒன்று. டப்பாவில் எங்கே வைக்கலாம் என்று பார்த்தபோது, கடவுளே அளந்து வைத்த மாதிரி நாலு புள்ளி வரிசையாக இருந்தது. அதன் மேலேயே வைத்துவிட்டேன். பார்த்து ரசித்து போட்டோகூட எடுத்தேன்.

கட்டைவிரல் நகத்தால் முதல் பொட்டைச் சுரண்டினேன். பச்சை. இரண்டாவது... பச்சை. மூன்றாவதைச் சுரண்டினேன்.

ஆரஞ்சு.

நாலாவதையும் சுரண்டினேன். பச்சைதான், ஆனால் அதை இப்போது யார் கேட்டது?

நித்யா என்னைப் பார்த்தாள். கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. உண்மையிலேயே சந்தேகம் கேட்கிற குரலில் கேட்டாள்.

"ஆன்ட்டி, நீங்க பாத்துட்டுத்தானே சொன்னீங்க?"

ஐம்பத்து மூன்று வயதில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? சொல்ல நூறு சமாதானம் இருந்தது. வேலை அவசரம், திரையும் தப்பாகக் காட்டியது, யார்தான் எதிர்பார்ப்பார்கள்...

"இல்லம்மா. பாக்காமத்தான் சொன்னேன்."

சொன்னதும் முகமெல்லாம் சூடாகிவிட்டது. அவமானம் என்றால் அவமானம்தான், வேறு வார்த்தை போட்டு மெழுக மாட்டேன்.

அவள் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பீரோவைத் திறந்து பேக்கப் டிஸ்கை எடுத்துக் கொடுத்தேன். இம்ரான் பாய் போட்டுப் பார்த்தார். தசராவுக்கு முன்னாலேயே நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு ஃபைல்கூட அதில் ஏறவில்லை. நிறைந்துபோன டிஸ்கைத்தான் நான் மூன்று மாதமாகப் பூட்டிக் காவல் காத்திருக்கிறேன். நித்யா தன் ஃபிக்ஸ்சரை ஆரம்பித்தது நவம்பர் கடைசியில்.

அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. டிஸ்க் போனால் டப்பா 'பீப் பீப்' என்று கத்த வேண்டுமே? கத்தாது. வியாழக்கிழமைகளில் லைன் வேலைக்காகக் கரண்ட் போகும்போதெல்லாம் கத்துகிறது என்று போன வருடமே சத்தத்தை நிறுத்தச் சொன்னோம். மெயிலாவது அனுப்புமே? அனுப்பியது. வேலையை விட்டுப்போன ஒரு டிசைனரின் பழைய மெயிலுக்கு, தினம் ஒன்றாக, பொறுமையாக. அதை யாரும் திறப்பதில்லை.

இம்ரான் பாயிடம் கேட்டேன். "காலையிலேயே உங்களுக்குச் சந்தேகம் வந்ததுதானே? ஏன் சுரண்டிப் பார்க்கலை?"

சங்கடமாகச் சிரித்தார். "உங்க பூஜை மேடம். அதுமேல நான் எப்படி நகம் வைப்பேன்? அதனாலதான் உங்களையே கேட்டேன்."

அந்த நேரம் பார்த்து ஷிந்தே காகா டீ கொண்டுவந்தார். விஷயம் கேட்டு, மூன்றாவது விளக்கைப் பார்த்தார், டிரேயை அப்படியே மேஜையில் வைத்துவிட்டார்.

"இது லைட்டா?" என்றார். "நான் ஷேந்தூர்னு நினைச்சேன்!"

ஷேந்தூர் என்பது இங்கே கணபதிக்கும் மாருதிக்கும் பூசுகிற ஆரஞ்சுச் செந்தூரம். மற்ற மூன்றும் சிவப்பாக இருக்க, இது மட்டும் லேசாக ஆரஞ்சடிப்பதை அவர் தீபாவளிக்குப் பிறகே கவனித்துவிட்டார். மேடம் இதற்கு மட்டும் ஸ்பெஷலாக ஷேந்தூர் வைத்திருக்கிறார் என்று முடிவுகட்டிவிட்டார். தினமும் காலையில் டப்பாவைச் சுற்றித் தூசி துடைப்பார். பொட்டின் மேல் துணி படாது. துடைத்து முடித்ததும் அந்த மூன்றாவது பொட்டுக்கு மட்டும் தனியாக ஒரு கும்பிடு.

ஆக, இரண்டு மாதமாக எங்கள் ஆபீஸில் தினம் கும்பிடு வாங்கிக்கொண்டிருந்தது... செத்துப்போன டிஸ்க்.

நித்யாதான் முதலில் சிரித்தாள். அழுகிற முகத்தோடு வந்த சிரிப்பு. அவள் சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

இம்ரான் பாய் சிரிக்கவில்லை. மூன்றாம் பக்கத்தை எடுத்து நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தார். திடீரென்று "மிலா!" என்றார். கிடைத்துவிட்டது!

பன்னிரண்டாம் நம்பர். 'அப்கிரேடு செய்யும்போது ஒரு டிஸ்க் இல்லாவிட்டால், பாதுகாப்புக்காக ஃபோல்டர்கள் தானாக எழாது. தகவல் அழியவில்லை. மாற்று வழி: அதே அளவுள்ள டிஸ்கைப் பொருத்தி, கையால் எழுப்பவும்.'

'தகவல் அழியவில்லை' என்ற வரியை நித்யா அவரை மூன்று தடவை வாசிக்க வைத்தாள்.

அவர் பைக்கை எடுத்துக்கொண்டு சின்ச்வடுக்கு டிஸ்க் வாங்கப் போனார். நான் நாத்தனாருக்கு போன் போட்டு, சீமந்தத்துக்கு வர முடியாது, என்னை நினைத்துச் சீமந்தப் பெண்ணை இரண்டு வளையல் அதிகமாகப் போட்டுக்கொள்ளச் சொல் என்றேன். கோபித்துக்கொண்டாள். நியாயம்தான். காகா தெரிந்த லைன்மேனுக்கு போன் போட்டு, இன்று கரண்ட் போகுமா என்று விசாரித்தார். போகாதாம், அடுத்த வாரம்தானாம். அப்படியும் யூபிஎஸ் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

நித்யாவும் நானும் வடா பாவ் சாப்பிட்டோம். அவள் பாதியை வைத்துவிட்டாள்.

"சரியாகலேன்னா?" என்றாள். "ஃபைல் வரலேன்னா, சாஹேப்கிட்ட என்ன சொல்றது?"

"நான் சொல்றேன். எல்லார் எதிர்லயும் சொல்றேன். உன்மேல ஒரு தப்பும் இல்லைன்னு."

"அது சரி ஆன்ட்டி... ஆனா டிராயிங் வேணும்ல?"

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அதைத்தான் செய்ய முடிந்தது.

இம்ரான் பாய் திரும்பி வந்து, செத்த டிஸ்கை உருவி, புதியதைச் செருகி, லேப்டாப்பில் ஏதேதோ தட்டினார். ஒவ்வொரு வரியையும் காகிதத்தோடு ஒப்பிட்டுத் தட்டினார். காலையில் எந்த நிதானத்தைப் பார்த்து எரிச்சல்பட்டேனோ, அதே நிதானம் இப்போது சாமி மாதிரி தெரிந்தது.

மூன்றரை மணி இருக்கும். நித்யாவின் திரையில் ஒரு ஃபோல்டர் வந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் சரசரவென்று எல்லாம்.

அவள் தன் ஃபைலைத் திறந்து, ஒவ்வொரு பாகமாக எண்ணினாள். "நாப்பத்தேழு... நாப்பத்தேழும் இருக்கு!" பிறகு ஒரு அம்புக்குறியை லேசாக நகர்த்தி, சேவ் பட்டனை அழுத்தினாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் சேமித்துவிட்டது. பத்து நிமிடமும் இல்லை, ஹேங்கும் இல்லை. எதற்காக இந்த அப்கிரேடைக் கேட்டாளோ அது நடந்துவிட்டது. அந்த நொடிதான் பெண் அழுதாள். நானும்தான். காகா இரண்டாவது ரவுண்டு டீ போடப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். இதில் கெட்டவர் யார்? இம்ரான் பாய் என் பூஜையை மதித்தார். காகா சாமியை மதித்தார். நித்யா பெரியவள் சொன்ன சொல்லை மதித்தாள். நானோ, போன வருடம் பார்த்த பச்சையை மதித்தேன்! இத்தனை மரியாதைக்கு நடுவே, குனிந்து சுரண்டிப் பார்க்க ஒருவருக்கும் கை வரவில்லை. நம் வீடுகளிலும் இப்படி எத்தனை பொட்டு இருக்கிறது... அப்பாவுக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு, பையன் ஹாஸ்டலில் நல்லாத்தான் சாப்பிடுகிறான், அவர்களுக்குள் எந்தப் பிரச்சினையும் இல்லை. கடைசியாக நேரில் பார்த்தது எப்போது என்று கேட்டால் மட்டும் கணக்கு உதைக்கும்.

வெள்ளிக்கிழமை கஸ்டமர் வந்தார்கள். இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னார்கள், மற்றபடி சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நித்யாவின் வேலை நிரந்தரம் என்று சாஹேப் அறிவித்தார். எல்லார் எதிரிலும்தான். உடனே எழுந்து நானும் எல்லார் எதிரிலும் என் பச்சைக் கதையைச் சொன்னேன். சிரித்தார்கள். ஸ்கேனர் இன்றுவரை டப்பாவோடு பேச மறுக்கிறது. பென் டிரைவ் மாற்று வழியில்தான் ஓடுகிறது.

இம்ரான் பாயின் மூன்று பக்கத்தை வாங்கி டப்பாவின் மேலேயே ஒட்டிவிட்டேன். பதினாறுக்குக் கீழே பேனாவால் பதினேழாவதாக ஒன்று எழுதினேன். 'மேடம் எல்லாம் பச்சை என்று சொல்லக்கூடும். மாற்று வழி: குனிந்து பார்க்கவும்.'

இனி ஆயுத பூஜைக்குப் பொட்டு டப்பாவின் தலையில், விளக்கில் அல்ல. காகா இப்போதும் தினமும் கும்பிடுகிறார். பாரபட்சம் இல்லாமல், நாலு விளக்குக்கும். கும்பிட்டு முடித்ததும் கோயில் மணி மாதிரி ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி மராத்தியில் நிறத்தைச் சொல்கிறார். "ஹிர்வா, ஹிர்வா, ஹிர்வா, ஹிர்வா!" நாலும் பச்சை.

காகாவின் கண்மேல் எனக்கு முழு நம்பிக்கை. இருந்தாலும் தினமும் எழுந்து போய், குனிந்து பார்த்துவிட்டு வந்துதான் டீயைத் தொடுகிறேன்.